கல்லில் எழுதிய காணி உறுதி

கல் பேசும் என்று மேடைகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். கல் தானாகப் பேசுவதில்லை. படிக்கக் கற்றவனிடம் மட்டுமே அது தன் செய்தியை ஒப்படைக்கிறது. மற்றவன் தன் வாயில் உள்ளதைக் கல்லின் வாயில் வைத்துப் பேசுகிறான். திருகோணமலை மாவட்டத்தின் பழங்கற்களுக்கு இன்று நேர்ந்திருப்பது இந்தக் கதியே.

‘இங்கே பழஞ் செங்கல் கிடக்கிறது, ஆகவே இது பௌத்த பூமி, ஆகவே நீ வெளியேறு’ என்கிறது ஒரு குரல். ‘இங்கே சோழனின் எழுத்துக் கிடக்கிறது, ஆகவே இது சைவத் தமிழ் பூமி, மற்றவை யாவும் பொய்’ என்கிறது இன்னொரு குரல். முதற்குரலின் பின்னால் அரசு நிற்கிறது; வர்த்தமானி நிற்கிறது; துப்பாக்கியும் நிற்கிறது. இரண்டாவது குரலின் பின்னால் நிற்பவை பெரும்பாலும் அச்சமும் ஆற்றாமையுமே. ஆகையால் இரண்டையும் ஒரே தராசில் இட்டு நிறுக்க நாம் ஆயத்தமாக இல்லை. எனினும் ஒன்றில் இவ்விரு குரல்களும் ஒத்துப்போகின்றன. கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று இரண்டுமே கேட்பதில்லை. அந்தக் கல்லைச் சுற்றியுள்ள மண்ணை உழுது உண்பவன் யாரென்றும் கேட்பதில்லை. கேட்கப்படாத இவ்விரு வினாக்களையும் இங்கே கேட்போம்.

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே குச்சவெளிக்குச் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ளது நிலாவெளி. அதன் வெண்மணற் கரையையும் எதிரேயுள்ள புறாத்தீவையும் உலகத்துச் சுற்றுலாப் பயணிகள் அறிவர். அது மீன்பிடித்தும் பயிரிட்டும் பிழைக்கின்ற தமிழரும் முஸ்லிம்களும் வாழும் ஊர் என்பதும், 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலைக்குத் தன் மக்களைப் பலிகொடுத்த ஊர் என்பதும் அவர்களுள் பலர் அறியாதவை. அவ்வூரில் சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது என்பதையோ, அவ்வூர்ப் பிள்ளைகளே அறியார்.

திருகோணமலைப் பகுதிச் சாசனங்களை 1970களில் தேடி ஆராய்ந்து வெளியிட்டவர் செ. குணசிங்கம். பின்னர்ப் பேராசிரியர் சி. பத்மநாதன் இலங்கையின் தமிழ்ச் சாசனங்களைத் தொகுத்து விரிவான விளக்கங்களோடு நூலாக்கினார். இவ்வறிஞர்களின் உழைப்பினால் நிலாவெளிக் கல் இன்று நமக்கு வாசிக்கக் கிடைக்கிறது. அது சொல்லும் செய்தி எளியது. கோணபர்வதமாகிய திருக்கோணமலையிலுள்ள மச்சகேசுவரத்து மகாதேவருக்கு 250 வேலி நிலம் கொடுக்கப்பட்டது. அந்நிலம் கிரிகண்ட கிரிகாமம் என்னும் இடப்பெயரோடு குறிக்கப்படுகிறது. ஒரு வேலி ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர் என்று கணக்கிட்டால், மொத்தம் ஏறக்குறைய 1,700 ஏக்கர்.

நண்பர்களே, இதில் போர் முழக்கம் இல்லை. இன்னார் இந்நாட்டின் பூர்வ குடி, இன்னார் வந்தேறி என்ற வாதமும் இல்லை. இருப்பது நிலக்கணக்கு. நன்செய் எவ்வளவு, புன்செய் எவ்வளவு, எல்லை எது, அதன் விளைவு எந்தச் செலவுக்கு உரியது என்பவற்றை வரையறுப்பதே இத்தகைய சாசனங்களின் தொழில். மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும் என்று மண்ணின் மேலும் கீழும் உள்ள யாவற்றையும் எண்ணி எழுதுவது சோழர் காலத்து நிலக்கொடைகளின் வழக்கமான வாய்பாடு. இன்றைய நொத்தாரிசு எழுதும் காணி உறுதிக்கும் அதற்கும் நோக்கத்தில் வேறுபாடு இல்லை. நிலாவெளிக் கல்லும் ஒரு காணி உறுதிதான். தாளுக்குப் பதில் கல். முத்திரைக்குப் பதில் உளி.

ஆனால் இந்த உறுதியில் ஒரு பெயர் விடுபட்டிருக்கிறது. பெற்ற தெய்வத்தின் பெயர் உண்டு, நிலத்தின் பெயர் உண்டு, அளவு உண்டு. அந்த 250 வேலியையும் உழுதவன் பெயர் இல்லை. காடு வெட்டியவன், குளம் தூர்வாரியவன், வரம்பு கட்டியவன், அறுவடை நெல்லைச் சுமந்தவன் எவனும் கல்லில் இடம் பெறவில்லை. கல்வெட்டைக் கண்டதும் மன்னர் பெருமை பேசத் தொடங்குவோர் இந்த வெற்றிடத்தையும் சற்றே நோக்க வேண்டும். மரபுரிமை என்று நாம் கொண்டாடுவது எவனுடைய வியர்வையின் மேல் எழுந்ததோ, அவன் சாசனத்துக்கு வெளியே நின்றான். அவன் வழிவந்தவன் இன்றும் வெளியேதான் நிற்கிறான். வரலாறு ஆயிரம் ஆண்டு நகர்ந்தும் அவன் நின்ற இடம் நகரவில்லை.

இனி, கல்லில் உள்ள பெயர்களை நோக்குவோம். கோணபர்வதம் என்ற வடமொழிப் பெயரும் திருக்கோணமலை என்ற தமிழ்ப் பெயரும் நிலாவெளிக் கல்லில் அருகருகே நிற்கின்றன. கிரிகண்ட என்ற பெயரோ இன்னும் சுவையான செய்தியைத் தாங்கியுள்ளது. வடக்கே திரியாயில் உள்ள பாறைச் சாசனம், ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது, பல்லவ கிரந்தத்தை ஒத்த எழுத்தில், வடமொழியில், அங்கிருந்த பௌத்தத் தாதுகோபத்தைக் கிரிகண்டி சைத்தியம் என்று போற்றுகிறது. அதனை எழுப்பியவர்களாக வணிகர்களையே அது குறிப்பிடுகிறது. ஆக, திரியாயின் பௌத்தப் பாறையில் ஒலித்த பெயரின் எதிரொலியை நிலாவெளியின் சைவக் கல்லிலும் கேட்கிறோம். ஒரே கரை, ஒரே பெயர், இரண்டு சமயம், மூன்று மொழிகளின் சுவடு. ‘இது எங்களுடையது மட்டும்’ என்று மார்தட்டுவோர் எவராயினும் இந்தப் பெயரின் முன் நின்று வாய்திறக்கட்டும் பார்ப்போம்.

இதனினும் தெளிவான சான்று பெரியகுளத்தில் உண்டு. நகரின் வடமேற்கே, குளத்தை அடுத்த காட்டுப்பகுதியில் உள்ள பழைய விகாரையைச் சிங்கள மக்கள் வெல்கம் விகாரை என்பர். தமிழ் மக்கள் நாதனார் கோயில் என்பர். தொல்லியல் திணைக்களம் 1953இல் அங்கு நடத்திய அகழ்வு அந்த இடத்தின் வரலாற்றைத் துலக்கியது. அங்கே பத்துக்கு மேற்பட்ட தமிழ்ச் சாசனங்கள் உள்ளன. முதலாம் இராஜராஜன், முதலாம் இராஜேந்திரன் ஆகியோரின் ஆட்சியாண்டுகளைக் குறித்து, நந்தாவிளக்குக்கும் அதற்கு நெய் தரும் பசுக்களுக்கும் கொடையளித்த தமிழ்ப் பெயர்களை அவை பதிந்துள்ளன. கொடை பெற்றது பௌத்தப் பள்ளி. அதன் பெயர் இராஜராஜப் பெரும்பள்ளி.

கந்தளாய்ப் பக்கம் செல்வோமாயின் மறுதலையான காட்சி. பளமோட்டையில் கிடைத்த தமிழ்ச் சாசனம், நங்கைசானி என்னும் பிராமணப் பெண் இறந்த தன் கணவனின் பொருட்டுக் கந்தளாயில் இருந்த சிவன் கோயிலுக்குச் செய்த கொடையைக் கூறுகிறது. அக்கோயிலின் பெயர் விஜயராஜேஸ்வரம். சோழரை இந்நாட்டிலிருந்து துரத்திய சிங்கள மன்னன் முதலாம் விஜயபாகுவின் பெயரைச் சிவாலயம் தாங்கியிருந்தது! அந்தக் கொடையைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர்கள் வேளைக்காரப் படையினர். அதே வேளைக்காரர் பொலன்னறுவையில் புத்தரின் தந்ததாது வைக்கப்பட்ட மாளிகையைக் காப்பதாகத் தமிழில் சாசனம் பொறித்தவர்கள்.

சோழன் பெயரால் ஒரு விகாரை. சிங்கள மன்னன் பெயரால் ஒரு சிவன் கோயில். இவ்விரண்டும் ஒரே மாவட்டத்தில், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு இடைவெளிக்குள். இன்று பாடநூல்களிலும் மேடைகளிலும் பரப்பப்படும் ‘சிங்களம் என்றால் பௌத்தம், தமிழ் என்றால் சைவம்’ என்ற சமன்பாட்டை இவ்விரு கற்களும் சேர்ந்து தகர்த்து விடுகின்றன. ஆகவேதான் இக்கற்களைப் படிக்க எவருக்கும் விருப்பமில்லை.

இவ்விடத்தில் நம்மவருள் சிலர் முகம் சுளிப்பார்கள். ‘தமிழ்ப் பௌத்தம் பற்றிப் பேசுவது எதிரியின் கையில் ஆயுதம் கொடுப்பதாகும். பௌத்தம் இருந்தது என்று ஒப்புக்கொண்டால் நிலம் போய்விடும்’ என்பார்கள். அந்த அச்சத்தை நாம் எள்ளி நகையாட மாட்டோம். நிலம் இழந்தவனுக்கே அதன் வலி தெரியும். ஆனால் அந்த வாதம் தலைகீழானது. பௌத்த எச்சம் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் சிங்களவருக்கே உரிமை என்பது பேரினவாதத்தின் சூத்திரம். எச்சத்தை மறைக்க முயலும் நாம் அந்தச் சூத்திரத்தை மறுக்கவில்லை, ஏற்றுக்கொண்டு பதுங்குகிறோம். மணிமேகலையைப் பாடிய மொழி எது? புத்தமித்திரர் வீரசோழியம் என்ற இலக்கணத்தை எழுதியது எந்த மொழிக்கு? நாகபட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தின் வருவாயை அளித்தவன் எவன்? இவற்றைக் கல்லூரியில் கற்று, தேர்வில் எழுதி, பட்டம் பெற்றுவிட்டு, பெரியகுளத்தைக் கண்டதும் வாய் மூடிக்கொள்வது அறிவுக்கும் அழகன்று, அரசியலுக்கும் பயனன்று. நாதனார் கோயிலும் எங்கள் முன்னோர் விளக்கேற்றிய இடந்தான் என்று உரத்துச் சொல்லும் நாளில் அந்தச் சூத்திரம் செத்துப்போகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயர் எப்படி வந்தது? வென்றவன் சூட்டிய பெயர் அது. 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் அநுராதபுரத்தை வீழ்த்திய படையின் பின்னால் வந்த பெயர். புலிக்கொடி பறந்ததென்று புளகாங்கிதம் அடைவோர் ஒன்றை நினைக்க வேண்டும். ஊரை வென்று பெயரை மாற்றுவதைச் சோழன் செய்தால் பெருமை, இன்றைய அமைச்சர் செய்தால் கொடுமை என்று இரண்டு நியாயம் பேச நமக்கு வாயில்லை. அரசர்களின் நாட்டாசைக்கு நாம் வாரிசுகள் அல்லர். ஆயினும் அந்தச் சோழ ஆட்சியிடமும் இன்றைய அதிகாரிகள் கற்க வேண்டிய ஒரு நாகரிகம் இருந்தது. வெல்கவேரமான இராஜராஜப் பெரும்பள்ளி என்றே கல்லில் பொறித்தார்கள். பழைய பெயரை உளியால் சிதைக்கவில்லை. புதிய பெயருக்கு முன்னே அதனை எழுதி வைத்தார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன் படையெடுத்து வந்தவனுக்கு இருந்த அந்த அடக்கமாவது, சனநாயகக் குடியரசின் பெயர்ப்பலகை எழுதுவோனுக்கு வேண்டாமா?

வேண்டாம் என்றே இந்நாட்டு ஆளும் வர்க்கம் முடிவு செய்திருக்கிறது. 2019 ஜூலையில் கன்னியா வெந்நீரூற்றுகளில், பழைய பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் விகாரை எழுப்ப நடந்த முயற்சியை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பின்னரே வேலை நின்றது. 2020 ஜூனில், கிழக்கு மாகாணத்துத் தொல்லியல் மரபுரிமையை முகாமை செய்வதற்கென்று சனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ செயலணி ஒன்றை வர்த்தமானியில் அறிவித்தார். அதற்குத் தலைவர் யார்? சாசனவியல் பேராசிரியரா? அகழ்வாய்வு அறிஞரா? இல்லை, பாதுகாப்புச் செயலாளர். முதலில் நியமிக்கப்பட்ட பதினொருவருள் பிக்குகள் இருந்தார்கள். பொலிஸ் அதிகாரி இருந்தார். தனியார் தொலைக்காட்சி ஒன்றின் தலைவர் கூட இருந்தார். தமிழரும் முஸ்லிம்களும் பெருந்தொகையாக வாழும் மாகாணத்தின் மரபுரிமையை ஆராய ஒரு தமிழர் இல்லை. ஒரு முஸ்லிம் இல்லை. தொல்லியலுக்குப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து தலைவர் வந்தால், அங்கே தோண்டப்படுவது மண் அன்று; மக்களின் வேர்.

அந்தச் சனாதிபதி 2022 ஜூலையில் பதவி துறந்து போனார். அவருடைய மனப்பாங்கு போகவில்லை. 2023இல் நிலாவெளிப் பகுதியின் பெரியகுளம், இலுப்பைக்குளம் சூழலில் விகாரைக் கட்டுமானம் பற்றிய பூசல் எழுந்து மக்கள் தெருவில் இறங்கினர். ஆட்கள் மாறுகிறார்கள்; எல்லைக்கல் மட்டும் நகர்ந்து கொண்டே இருக்கிறது.

திரியாயின் துயரம் இதற்கெல்லாம் சிகரம். 1985இன் வன்செயலில் அவ்வூர் மக்கள் வீடுவாசல் இழந்து ஓடினார்கள். ஆண்டுக்கணக்கில் அகதிகளாய் அலைந்து திரும்பியபோது வயல்களைக் காடு மூடியிருந்தது. காடு மூடியதால் வனத் திணைக்களம் உரிமை கோரும். பழங்கல் கிடப்பதால் தொல்லியல் திணைக்களம் உரிமை கோரும். கலப்பை பிடித்தவன் எந்தத் திணைக்களத்திடம் போவான்? ‘உறுதி எங்கே?’ என்று அவனைக் கேட்கிறார்கள். போரில் ஓடியவன் கையில் பிள்ளையைத் தூக்குவானா, பெட்டியைத் தூக்குவானா? தாளில் எழுதிய உறுதி எரிந்து போயிற்று. கல்லில் எழுதிய உறுதி எரியவில்லை. எரியாத உறுதியைக் காட்டி, எரிந்துபோன உறுதிக்காரனை வெளியேற்றுகிறார்கள்!

நாம் கேட்கிறோம்: விகாரைக்கும் கோயிலுக்கும் விளக்கெரிய வேண்டும் என்று பசுவும் நிலமும் கொடுத்தவர்களின் நோக்கம், பயிர் செய்வோனை விரட்டுவதா? உழுபவன் இல்லாமல் நெல் ஏது? மேய்ப்பவன் இல்லாமல் நெய் ஏது? சாசனத்தின் உயிரே அந்த நிலத்தில் மக்கள் குடியிருந்து உழைப்பதில்தான் இருக்கிறது. குடிகளைத் துரத்திவிட்டுக் கல்லை மட்டும் வேலியிட்டுக் காப்பது மரபுரிமைப் பாதுகாப்பு ஆகாது. அது அந்தக் கல்லுக்கே செய்யும் துரோகம்.

தொல்பொருட் சட்டம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனையோ சின்னங்கள் புதையல் தோண்டுவோர் கையில் பொடியாகியிருக்கும். கல்லைக் காப்பது வேறு. கல்லைச் சாட்டி ஊரைக் கவர்வது வேறு. முன்னதற்கு ஒரு கூரையும் ஒரு காவலாளியும் போதும். பின்னதற்குத்தான் ஏக்கர்க் கணக்கில் எல்லையும் படையினரும் வேண்டும்.

நம் பக்கத்துக் குறையையும் மூடி மறைக்க வேண்டாம். கும்பாபிஷேகம் என்ற பெயரில் பழைய கருங்கல்லைப் பெயர்த்தெறிந்து சீமெந்து பூசி வண்ணம் தீட்டும் அறங்காவலர்கள் எத்தனை பேர்! எழுத்துள்ள பலகைக் கல்லை வாசற்படியாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் போட்டுக்கொண்டோர் எத்தனை பேர்! சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மும்மொழியிலும் 1409ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட கல், 1911இல் காலி நகரில் வடிகாலின் மூடுகல்லாகக் கிடந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தென்பகுதித் தெய்வமாகிய தேனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாவையும் போற்றும் அந்த அரிய கல்லின் மேல் வண்டிகள் ஓடின. 1620களில் போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்கு அடுக்கினார்கள். இன்றும் பிரடெரிக் கோட்டை வாசலில் மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் சுவரோடு சுவராக நிற்கின்றன. அந்நியன் பகையால் செய்ததை நாம் அறியாமையால் செய்கிறோம். கல்லுக்கு இரண்டும் ஒன்றே.

அறியாமைக்கு மருந்து பாடசாலையில் இருக்க வேண்டும், அங்கும் இல்லை. நிலாவெளி மாணவன் அநுராதபுரத்துக் குட்டம் பொகுணவின் படத்தைப் புத்தகத்தில் பார்க்கிறான். சீகிரியாவின் சுவரோவியம் பற்றிப் பரீட்சையில் எழுதுகிறான். நல்லது, அவையும் அவனுடைய செல்வமே. ஆனால் தன் ஊர்க் கல்லில் தன் மொழியில் உள்ள நான்கு வரியை அவனால் கூட்டி வாசிக்க முடியாது. சோழர் காலத் தமிழ் எழுத்து அப்படியொன்றும் மறைபொருள் அன்று. புள்ளி இல்லாத மெய்யையும், குறில் நெடில் பேதம் தெரியாத எகர ஒகரங்களையும், இடையிடையே வரும் கிரந்த எழுத்தையும் அடையாளம் காட்டிவிட்டால், பத்தாம் வகுப்பு மாணவன் தட்டுத் தடுமாறியேனும் வாசித்து விடுவான். மைப்படி எடுப்பதும் கடினமன்று. கல்லைக் கழுவி, ஈரத்தாளை விரித்து, தூரிகையால் தட்டி எழுத்தின் பள்ளத்தில் தாளைப் படியச் செய்து, அரைகுறையாய் உலர்ந்ததும் மை ஒற்ற வேண்டும். எழுத்து வெள்ளையாகத் துலங்கும். உரிய அனுமதியோடும் அறிந்தவர் துணையோடும் ஒருமுறை இதனைச் செய்த மாணவன், பிறகு எந்த அமைச்சரின் பேச்சுக்கும் எந்த வேட்பாளரின் முழக்கத்துக்கும் இலகுவில் ஏமாற மாட்டான். ‘எழுத்தைக் காட்டு, நானே வாசிக்கிறேன்’ என்பான். அப்படிக் கேட்கும் ஒரு தலைமுறையைக் கண்டுதான் இரு பக்கத்து வியாபாரிகளும் அஞ்சுகிறார்கள்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. நிலாவெளி, பெரியகுளம், திரியாய், குச்சவெளி, கந்தளாய் ஆகிய இடங்களின் சாசனங்கள் ஒவ்வொன்றுக்கும் முழு வாசகமும் விளக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அந்தந்த ஊரிலேயே பொறித்து வைக்கப்பட வேண்டும். ஒரு பெயரை எழுதி மறு பெயரை மறைக்கும் பலகைகள் அகற்றப்பட வேண்டும். தமிழ்ச் சாசனம் வாசிக்கத் தெரிந்தோர் தொல்லியல் திணைக்களத்தில் போதிய அளவில் நியமிக்கப்பட வேண்டும். ஊர்மக்களைக் கூட்டி, அவர்கள் சொல்வதைக் கேட்டு, பதிவு செய்யாமல் எந்தக் காணியிலும் தொல்லியல் எல்லைக்கல் நடலாகாது. போரில் உறுதியையும் அனுமதிப்பத்திரத்தையும் இழந்த விவசாயிக்கு அயலாரின் சாட்சியமே உறுதியாகக் கொள்ளப்பட வேண்டும். நம் கோயில் சபைகளோ, திருப்பணி தொடங்குமுன் பழங்கற்களைப் படமெடுத்து, எழுத்துண்டா என்று அறிந்தவரிடம் காட்டியாக வேண்டும்.

இவற்றை எவரும் தங்கத் தட்டில் வைத்துத் தரப்போவதில்லை. தமிழ் விவசாயியும் முஸ்லிம் மீனவரும், நியாயம் உணர்ந்த சிங்கள உழைப்பாளியும் அறிஞரும் ஒரே அணியில் நின்று கேட்டாலன்றிக் கிடையா. அந்த அணி கனவன்று. இந்த மாவட்டத்தின் கற்களே அதற்கு முன்மாதிரி காட்டுகின்றன. ஒரு தமிழன் புத்தனுக்கு விளக்கேற்றினான். ஒரு சிங்கள மன்னனின் பெயரைச் சிவன் கோயில் சுமந்தது. அரசர்கள் போரிட்டுக் கொண்டிருந்த காலத்திலேயே அது இயன்றது என்றால், அரசர்களை ஒழித்த காலத்தில் நமக்கு ஏன் இயலாது?

நிலாவெளிக் கல்லில் உழுதவன் பெயர் இல்லை. ஆயிரம் ஆண்டுக்கு முன் எழுதியவன் அதை விட்டுவிட்டான். இனி எழுதப்படும் எந்த உறுதியிலும், கல்லில் ஆயினும் தாளில் ஆயினும், அந்தப் பெயரே முதலில் இருக்க வேண்டும்.